பிரவுசர் இல்லாத இடத்தில் குக்கியைக் காப்பது யார்?

லாகின் வெற்றி என்று பதில் வருகிறது. அடுத்த அழைப்பிலேயே அதே சர்வர் "முதலில் லாகின் செய்யுங்கள்" என்கிறது. வெப் சர்வீஸோடு பேசும் கிளையண்ட் புரோகிராம் எழுதத் தொடங்கும் யாரும் சீக்கிரமே முட்டிக்கொள்ளும் இடம் இது. மொரீஷியஸின் எபென் சைபர்சிட்டியில் வேலை பார்க்கும் நம் ஆட்களுக்கு, சென்னை கோவையிலிருந்து வந்தவர்களானாலும் சரி, ரோஸ் ஹில்லில் பிறந்து வளர்ந்தவர்களானாலும் சரி, இதோடு நல்ல பழக்கம் உண்டு. இங்கே எழுதப்படும் புரோகிராம்கள் பல, ஐரோப்பாவிலோ தென்னாப்பிரிக்காவிலோ இருக்கும் சர்வரோடு பேசியாக வேண்டியவை. எதிர்முனையில் இருப்பது, எக்ஸ்எம்எல் செய்திகளால் பேசும் பழைய சோப் சர்வீஸாக இருந்தால், அது பெரும்பாலும் செஷன் குக்கியை எதிர்பார்க்கும்.

பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் விதிமுறையான எச்டிடிபியின் பிறவிக் குணம் அப்படி. ஒரு கோரிக்கை, ஒரு பதில், அத்தோடு கணக்கு தீர்ந்தது. அடுத்த கோரிக்கை வரும்போது வந்தது யார் என்று சர்வருக்குத் தெரியாது. 1994இல் நெட்ஸ்கேப்பில் இருந்த லூ மொண்டுல்லி இதற்கு ஒரு வழி கண்டார். சர்வர் தன் பதிலோடு செட்-குக்கி என்ற தலைப்பில் ஒரு சிறு துண்டை அனுப்பும். பிரவுசர் அதை வைத்திருந்து அடுத்த கோரிக்கையில் திருப்பிக் காட்டும். 1997இல் இது ஆர்எஃப்சி 2109 என்ற இணைய விதி ஆவணமாக எழுதப்பட்டது, 2000இல் 2965 ஆக மாறியது. பிரவுசர்கள் உண்மையில் எப்படி நடந்துகொள்கின்றனவோ அதைப் பார்த்து எழுதப்பட்டது 2011இன் ஆர்எஃப்சி 6265.

கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தில் தரும் டோக்கன் மாதிரிதான் செஷன் குக்கி. டோக்கனில் ஓர் எண் இருக்கும், அவ்வளவுதான், செருப்பு அவர்களிடம். நீங்கள் யார், எந்தக் கணக்கு, எந்த வேலையின் நடுவில் இருக்கிறீர்கள் என்பதெல்லாம் சர்வரின் நினைவகத்தில் இருக்கிறது. உங்களிடம் வருவது, எதிரே டாம்கேட் என்ற ஜாவா சர்வர் இருந்தால் ஜேசெஷன்ஐடி, பிஎச்பியாக இருந்தால் பிஎச்பிசெஸ்ஐடி என்ற பெயரில் ஒரு நீளமான எழுத்துச் சரம். அதை யார் நீட்டினாலும் சர்வர் நம்பும்.

பிரவுசரில் இதையெல்லாம் நாம் யோசிப்பதே இல்லை. குக்கியை வாங்குவது, வைப்பது, எந்த டொமைனுக்கு எதை அனுப்புவது, எப்போது தூக்கிப் போடுவது எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்கிறது. சோப் வந்தபோது சர்வர்கள் பழைய வெப் சர்வர்களாகவே இருந்தன, அவற்றின் செஷன் பழக்கமும் கூடவே வந்தது. எதிரே பிரவுசர் மட்டும் இல்லை. நம் புரோகிராம்தான் பிரவுசரின் வேலையைச் செய்ய வேண்டும், அதைச் செய்யச் சொல்லி நாம்தான் கேட்கவும் வேண்டும்.

கேட்காவிட்டால் பல கருவிகள் செய்யாது. ஜாவாவின் சோப் கருவியான ஜாக்ஸ்-டபிள்யூஎஸ்ஸில் செஷனைத் தொடரச் சொல்லும் அமைப்பு இயல்பில் அணைந்தே இருக்கும். டாட்நெட்டின் பழைய சோப் பிராக்ஸியில், அதாவது சர்வீஸின் சார்பாக நம் பக்கம் நிற்கும் ஆப்ஜெக்டில், குக்கி கன்டெய்னர் காலி; புதிதாக ஒன்றை நாமே உருவாக்கிக் கொடுக்க வேண்டும். டாட்நெட்டில் அதற்குப் பின் வந்த டபிள்யூசிஎஃப்பின் பேசிக் எச்டிடிபி பைண்டிங்கிலும் குக்கியை அனுமதி என்பதற்கு இயல்பான விடை "இல்லை". பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தில் நேராக கெட், போஸ்ட் என்று அழைத்தால் ஒவ்வொன்றும் தனித்தனி அழைப்பு. செஷன் என்ற ஆப்ஜெக்டை உருவாக்கி அதன் வழியாக அழைத்தால்தான் குக்கி தொடரும். பிஎச்பியின் சோப்கிளையண்ட் கொஞ்சம் தாராளம், தானாகவே நினைவில் வைக்கும். ஆனால் பிஎச்பியில் ஒவ்வொரு பக்கக் கோரிக்கைக்கும் அந்த ஆப்ஜெக்ட் புதிதாகப் பிறந்து சாகிறது, குக்கியும் அதோடு போய்விடும்.

அமைப்பை ஆன் செய்தபிறகும் ஒரு கண்ணி இருக்கிறது. லாகினுக்கு ஒரு சர்வீஸ், தகவலுக்கு இன்னொரு சர்வீஸ் என்று பிரித்து வைத்திருப்பார்கள். இரண்டுக்கும் தனித்தனி பிராக்ஸி. லாகின் பிராக்ஸி வாங்கிய குக்கி தகவல் பிராக்ஸிக்குத் தெரியாது. டாட்நெட்டில் ஒரே கன்டெய்னரை இரண்டுக்கும் கொடுத்தால் தீர்ந்தது. ஜாக்ஸ்-டபிள்யூஎஸ்ஸில் முதல் பதிலின் தலைப்புகளிலிருந்து குக்கியை எடுத்து இரண்டாவதன் கோரிக்கைத் தலைப்பில் வைக்க வேண்டும். கையால் எடுத்து வைக்கும் இந்த வேலையில்தான் அடுத்த தொல்லை பிறக்கிறது.

கோவையிலிருந்து வந்து சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, டெஸ்ட்ல நல்லா ஓடுது. லைவ்ல ஒண்ணு விட்டு ஒண்ணு அடி வாங்குது." ஒன்று விட்டு ஒன்று என்ற அந்த வார்த்தையிலேயே பாதி விடை இருக்கிறது. லைவில் இரண்டு சர்வர்கள், முன்னால் கோரிக்கைகளை அவற்றுக்குப் பிரித்துவிடும் ஒரு லோட் பேலன்சர். டெஸ்டில் ஒரே சர்வர். லாகின் பதிலைத் திறந்து பார்த்தால் செட்-குக்கி வரிகள் இரண்டு: ஒன்று அப்ளிகேஷன் சர்வரின் செஷன், மற்றது இந்த ஆளை எந்த சர்வருக்கு அனுப்புவது என்று லோட் பேலன்சர் தனக்காக வைத்த குறிப்பு. அவருடைய புரோகிராம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தது. ஜாவாவில் தலைப்பைப் பெயர் சொல்லிக் கேட்கும் எளிய மெத்தட், ஒரே பெயரில் பல வந்தால் கடைசியாக வந்ததை மட்டும்தான் தரும். செஷன் குக்கி கடைசியாக இருந்ததால் அது கிடைத்தது, லோட் பேலன்சரின் குறிப்பு நழுவிப்போனது. கோரிக்கைகள் மாறி மாறி இரண்டு சர்வருக்கும் போயின. லாகின் செய்த சர்வருக்குப் போனால் சரி, மற்றதற்குப் போனால் "நீ யார்?"

இதனால்தான், குக்கியைப் பெயர் சொல்லிப் பொறுக்காதீர்கள் என்கிறேன். சர்வர் தந்த அத்தனையையும் ஒரு குக்கி ஜாரில், அதாவது குக்கிகளைச் சேர்த்து வைத்து நிர்வகிக்கும் ஆப்ஜெக்டில், போடுங்கள். டொமைன், பாத், செக்யூர் விதிகளை அந்த ஜாரே பார்க்கட்டும். லாகினுக்கு முன் ஒரு செஷன் எண்ணும் லாகினுக்குப் பின் புது எண்ணும் தரும் சர்வர்கள் உண்டு. திருடிய எண்ணைக் கொண்டு யாரும் உள்ளே நுழையாதிருக்க அந்த ஏற்பாடு. முதல் எண்ணைப் பிடித்து வைத்துக்கொண்ட புரோகிராம் வாசலிலேயே நிற்கும். 302 என்று வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் இடைப்பதிலில் குக்கி வருவதும் உண்டு. நூலகம் தானாகத் திருப்பத்தைப் பின்பற்றிக் கடைசிப் பதிலை மட்டும் உங்களிடம் தந்தால், கையால் எடுப்பவர் அதைக் கண்ணாலேயே பார்க்க மாட்டார். வந்த பல செட்-குக்கி வரிகளை காற்புள்ளி போட்டு ஒரே வரியாக ஒட்டுவதும் கூடாது. காலாவதித் தேதியிலேயே கிழமைக்குப் பின் ஒரு காற்புள்ளி இருக்கிறது, மறுபடி பிரிக்கும்போது தேதி இரண்டாக உடைந்துவிடும்.

அந்தத் தேதி இந்தத் தீவில் இருப்பவர்களுக்குத் தனிப் பாடம். குக்கியின் எக்ஸ்பைர்ஸ் நேரம் எப்போதும் கிரீன்விச் நேரத்தில் எழுதப்படும். மொரீஷியஸ் அதைவிட நான்கு மணி நேரம் முன்னால். ஒரு சர்வர் அரை மணி நேரம் உயிருள்ள குக்கி ஒன்றைத் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். நம் கடிகாரத்தில் மதியம் 2:00, கிரீன்விச்சில் காலை 10:00. குக்கியில் எழுதியிருப்பது 10:30. யாரோ அவசரத்தில் எழுதிய பகுப்பான் அந்த 10:30ஐ உள்ளூர் நேரம் என்று படித்துவிட்டால், குக்கி மூன்றரை மணி நேரத்துக்கு முன்பே செத்துவிட்டது என்று முடிவு கட்டித் தூக்கி எறியும். வெளியிலிருந்து பார்த்தால் குக்கி வரவே இல்லை என்றுதான் தோன்றும். அதே நிரலை லண்டனில் குளிர்காலத்தில் ஓட்டினால் எந்தக் குறையும் தெரியாது. கோடையில் அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போகும்போதுதான் தலைகாட்டும். மொரீஷியஸும் 2008 அக்டோபர் முதல் 2009 மார்ச் வரை கோடை நேரத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டது. ஆகவே "நான்கைக் கூட்டு" என்று நிரலில் கையால் எழுதி ஒப்பேற்றுவதும் தீர்வில்லை. மேக்ஸ்-ஏஜ் என்ற புலம் வந்தால் அதையே நம்புங்கள். இத்தனை விநாடி என்று மட்டும் சொல்வதால் நேர மண்டலச் சிக்கல் அதில் இல்லை, இரண்டும் சேர்ந்து வந்தால் முன்னுரிமையும் அதற்குத்தான்.

மொழியும் இங்கே குறுக்கே வரும். நம் அலுவலகங்களில் பல கணினிகள் பிரெஞ்சு அமைப்பில் ஓடுகின்றன. பக்கத்துத் தீவான ரீயூனியன் பிரான்ஸின் பகுதி என்பதால் அங்கே சொல்லவே வேண்டாம். குக்கித் தேதியில் கிழமையும் மாதமும் ஆங்கிலச் சுருக்கத்தில் வரும். ஜாவாவில் தேதி வடிவமைப்பானை மொழி குறிப்பிடாமல் உருவாக்கினால் அது கணினியின் மொழியை எடுத்துக்கொண்டு பிரெஞ்சுப் பெயர்களை எதிர்பார்க்கும். "வெட்" என்று வருவதை "மெர்க்ரெதி"யோடு பொருத்திப் பார்த்துவிட்டுத் தோற்கும். சென்னை அணி எழுதி ஆங்கிலக் கணினியில் சோதித்த நிரல் இங்கே வந்து படுத்துக்கொள்ள இது ஒன்று போதும். சோதனையின்போதே கணினியின் மொழியை பிரெஞ்சுக்கும் நேர மண்டலத்தை மொரீஷியஸுக்கும் மாற்றி ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டால் இரண்டும் முன்கூட்டியே பிடிபடும்.

இனி நான் முக்கியம் என்று நினைப்பதற்கு வருகிறேன். குக்கியைக் காப்பது எப்படி என்பதைவிட, அந்த ஜார் யாருடையது என்ற கேள்விதான் பெரிது. என் விடை: ஒரு லாகின் அடையாளத்துக்கு ஒரு ஜார். புரோகிராம் முழுவதற்கும் ஒன்று என்று வைக்கக் கூடாது, புரோகிராமுக்குள் இணையாக ஓடும் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஒன்று என்றும் வைக்கக் கூடாது.

ஜாவாவில் குக்கி மேனேஜரை இயல்பானதாக நிறுவும் ஒரே ஒரு வரி இருக்கிறது. இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் பதிலும் பெரும்பாலும் அதுதான். அது அந்த ஜேவிஎம், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஜாவா புரோகிராம், முழுவதற்கும் பொருந்தும். ஒரே ஆள் ஓட்டும் சின்ன கருவியில் பிரச்சினை இல்லை. பல வாடிக்கையாளர்களுக்காக வேலை செய்யும் சர்வருக்குள் அந்த வரியை வைத்தால், இரண்டாவது வாடிக்கையாளர் லாகின் செய்ததும் முதலாமவரின் குக்கியின் மேல் புதியது எழுதப்படும். முதலாமவரின் அடுத்த கோரிக்கை இரண்டாமவர் பெயரில் போகும். பிழைச்செய்தி எதுவும் வராது. பதில் ஒழுங்காக வரும், அடுத்தவருடைய தகவலோடு. ஒருவரின் பாலிசியோ சம்பளமோ இன்னொருவரின் திரையில் தெரிவதைவிட மோசமான தவறு இந்தத் தொழிலில் அதிகம் இல்லை. மொரீஷியஸின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2017 நடைமுறையில் இருக்கும் நாட்டில் அது டெவலப்பரின் மேசையோடு நிற்கும் விஷயமும் அல்ல. ஜாவா 11இல் வந்த எச்டிடிபி கிளையண்டில் ஒவ்வொரு கிளையண்டுக்கும் தனி குக்கி ஹேண்ட்லர் கொடுக்கலாம், அதைக் கொடுங்கள்.

டாட்நெட்டில் இதே ஆபத்து நல்ல பிள்ளை வேடத்தில் வரும். எச்டிடிபி கிளையண்ட் ஃபேக்டரி என்பது மைக்ரோசாஃப்டே பரிந்துரைக்கும் முறை, இணைப்புகளைச் சிக்கனமாகப் பயன்படுத்தும். அது உள்ளே இருக்கும், உண்மையில் கோரிக்கையை அனுப்பும் ஹேண்ட்லர்களைப் பலருக்கும் பகிர்கிறது, குக்கி கன்டெய்னர் இருப்பதோ அந்த ஹேண்ட்லருக்குள். எனவே நீங்கள் கேட்காமலேயே குக்கிகள் பகிரப்படும். ஹேண்ட்லரின் ஆயுள் இயல்பில் 2 நிமிடம். அது முடிந்து புதியது வரும்போது குக்கிகளும் காணாமல் போகும். குக்கி தேவைப்படும் இடத்தில் இந்த ஃபேக்டரியைத் தவிர்க்கவும், அல்லது தானியங்கிக் குக்கியை அணைத்துவிடவும் என்று மைக்ரோசாஃப்ட் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள்.

சரி, ஒரு அடையாளம், ஒரு ஜார், அதைப் பத்து த்ரெட்கள் பகிர்ந்தால்? வேகம் பத்து மடங்காகும் என்று எதிர்பார்ப்போம். எதிரே ஏஎஸ்பி டாட்நெட் செஷனோ, கோப்பில் வைக்கும் பிஎச்பி செஷனோ இருந்தால் வேகம் அப்படியே நிற்கும். ஒரே செஷனின் கோரிக்கைகளை அவை பூட்டுப் போட்டு ஒன்றன்பின் ஒன்றாகத்தான் விடும். அங்கே வேகம் வேண்டுமென்றால் தனித்தனியாக லாகின் செய்து இரண்டு மூன்று செஷன்கள் வைக்கலாம், ஒவ்வொன்றுக்கும் அதனதன் ஜாரோடு, சர்வரின் உரிமையாளர் சம்மதித்தால்.

இதற்கு நேர் எதிரான பழக்கமும் உண்டு: ஒவ்வொரு அழைப்புக்கும் முன் ஒரு லாகின். குக்கித் தலைவலியே வேண்டாம் என்று பலர் இதில் போய் நிற்கிறார்கள். போர்ட் லூயிக்கும் பாரிஸுக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 9,400 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய் வரவே 90 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகிவிடும், கேபிளோ நேர்கோட்டில் போவதில்லை. 2002இல் வந்த சேஃப் கடலடிக் கேபிள் தென்னாப்பிரிக்கா வரைதான், அங்கிருந்து வேறொரு கேபிள் வழியாக ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையைச் சுற்றித்தான் ஐரோப்பா போக வேண்டும். போய்வர 200 மில்லிசெகண்ட் என்று வைத்தாலும், 5,000 பதிவுகளுக்கு 5,000 கூடுதல் லாகின் என்றால் 1,000 விநாடி, அதாவது கால் மணி நேரத்துக்கும் மேல் வெறும் காத்திருப்பு. எதிர்முனையில் இன்னும் மோசம். டாம்கேட்டின் இயல்பான செஷன் ஆயுள் 30 நிமிடம். விநாடிக்கு ஒரு லாகின் விட்டால், எந்த நேரத்திலும் ஏறத்தாழ 1,800 அனாதைச் செஷன்கள் அதன் நினைவகத்தில் உட்கார்ந்திருக்கும். அவர்கள் ஒருநாள் உங்கள் ஐபியை அடைத்தால் கோபித்துக்கொள்ள முடியாது.

செஷனுக்குச் சாவும் உண்டு. டாம்கேட்டில் 30 நிமிடம், ஏஎஸ்பி டாட்நெட்டில் 20, பிஎச்பியில் 1,440 விநாடி அதாவது 24 நிமிடம். இவை இயல்பு அளவுகள், நிர்வாகி மாற்றியிருக்கலாம். இது குக்கியின் ஆயுள் அல்ல, சர்வரில் இருக்கும் செஷன் சும்மா கிடக்க அனுமதிக்கப்படும் நேரம். உங்கள் ஜாரில் குக்கி நலமாக இருக்கும், அங்கே செஷன் போய்ச் சேர்ந்திருக்கும். எனவே "என்னிடம் குக்கி இருக்கிறதா?" என்று பார்த்து "லாகினில் இருக்கிறேன்" என்று முடிவு கட்ட முடியாது. பதிலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அந்தப் பதில் நேர்மையாக 401 என்று வந்தால் நல்லது. பல சர்வர்கள் லாகின் பக்கத்தையே 200 என்ற வெற்றிக் குறியோடு அனுப்பிவைக்கும். எக்ஸ்எம்எல் எதிர்பார்த்த புரோகிராம் எச்டிஎம்எல்லைப் பார்த்துத் திகைத்து, "உள்ளடக்க வகை பொருந்தவில்லை" என்றோ "எக்ஸ்எம்எல் தவறு" என்றோ புலம்பும். புதியவர்கள் மணிக்கணக்கில் எக்ஸ்எம்எல்லைத் துருவுவார்கள். இந்தப் பிழையைக் கண்டால் முதலில் பதிலின் முதல் சில வரிகளை லாகில், அதாவது புரோகிராமின் பதிவுக் கோப்பில், எழுதிப் பாருங்கள். "பாஸ்வேர்ட்" என்ற பெட்டி அதில் தெரிந்தால் விஷயம் செஷன்தான்.

செஷன் செத்தது தெரிந்ததும் மறுபடி லாகின் செய்து அதே அழைப்பை ஒருமுறை திரும்ப விடலாம். ஒருமுறை மட்டும். பத்து த்ரெட்களும் ஒரே நேரத்தில் செத்த செஷனைக் கண்டுபிடித்தால் ஒன்று மட்டும் லாகின் செய்ய வேண்டும், மற்றவை காத்திருக்க வேண்டும். கடவுச்சொல்லே தவறு என்று பதில் வந்தால் உடனே நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும். தைப்பூசக் காவடி அன்று மொரீஷியஸில் பொது விடுமுறை. எதிர்முனை இருக்கும் நாட்டில் அது சாதாரண வேலைநாள். அன்று கடவுச்சொல் காலாவதியாகி, புரோகிராம் நாள் முழுக்க லாகினை இடித்துக்கொண்டிருந்தால், மறுநாள் காலையில் கணக்கு பூட்டப்பட்டிருக்கும். புயல் எச்சரிக்கையில் அலுவலகங்கள் மூடி, மின்சாரம் போய்த் திரும்பும்போதும் இதே வகைச் சிக்கல்தான்: எல்லாப் புரோகிராம்களும் ஒரே விநாடியில் எழுந்து லாகினுக்கு முண்டியடிக்கும். ஒவ்வொன்றும் சீரற்ற சில விநாடிகள் தள்ளித் தொடங்கினாலே நெரிசல் குறையும்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. செஷன் இல்லை என்று சர்வர் மறுத்தால், அந்த வேலை நடக்கவில்லை என்று பொருள், மறுபடி அனுப்பலாம். பதிலே வராமல் நேரம் கடந்துபோனால், வேலை நடந்ததா இல்லையா என்று நமக்குத் தெரியாது. கேபிள் மோசமாக இருக்கும் நாட்களில் இது சகஜம். இரண்டையும் ஒரே "மறுமுயற்சி" வளையத்துக்குள் போட்டால் ஒரு பணப்பரிமாற்றம் இரண்டாகும். தனித்தனியாகக் கையாளுங்கள்.

கோப்பில் சேமிக்க நினைப்பவர்களுக்கு: கர்ல் என்ற கட்டளை வரிக் கருவி எழுதும் குக்கிக் கோப்பு இன்றும் நெட்ஸ்கேப் காலத்து வடிவம்தான். வரிக்கு ஏழு புலங்கள், டேப் இட்டுப் பிரித்தவை. ஐந்தாவது புலம் காலாவதி. அது 0 என்றால் செஷன் குக்கி, இங்கே காலாவதித் தேதி இல்லாத குக்கி என்று பொருள். அதேபோன்ற கருவியான டபிள்யூகெட் இந்தச் செஷன் குக்கிகளைத் தானாகச் சேமிக்காது, தனியாகச் சொல்ல வேண்டும். பைத்தானின் குக்கி ஜாரும் சேமிக்கும்போது இவற்றை விட்டுவிடும், "தள்ளுபடியைப் பொருட்படுத்தாதே" என்ற பொருளில் ஒரு தெரிவு கொடுத்தால்தான் எழுதும். கோப்பு காலியாக வருகிறதே என்று குழம்புகிறவர்கள் இங்கே பார்க்கவும்.

அந்தக் கோப்பு உயிருள்ள வரை கடவுச்சொல்லுக்குச் சமம். அதன் உரிமையாளருக்கு மட்டும் படிக்கும் அனுமதி கொடுங்கள், நிரல்களைச் சேமிக்கும் கிட் களஞ்சியத்துக்குள் போய்விடாமல் பாருங்கள். லாகிலும் அப்படியே: முழுக் கோரிக்கையையும் பதிவு செய்யும் வசதியைப் பிழை தேட ஆன் செய்துவிட்டு மறந்துபோவது சகஜம், மாதக்கணக்கில் செஷன் எண்கள் அதில் குவியும். எண்ணின் கடைசி நான்கு எழுத்தை மட்டும் எழுதினால் போதும். இரண்டு கோரிக்கைகள் ஒரே செஷனா, வேறா என்று கண்டுபிடிக்க அதுவே தாராளம். வேலை முடிந்ததும் லாக்அவுட் அழைப்பை விடுங்கள், இடையில் பிழை வந்து வெளியேறும் வழியிலும் அது ஓடும்படி எழுதுங்கள். ஒரு பயனருக்கு இத்தனை செஷன்தான் என்று வரம்பு வைத்த சர்வர்களில், நேற்று இரவு மூடாமல் விட்ட செஷன்தான் இன்று காலை உங்களை உள்ளே விடாது.